காரணத்தை முழுதாக எழுதவும்

பதிமூன்று வருடமாக அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. எந்தச் சோப்பு போடுகிறீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் குறட்டை விடுகிறார்கள் என்பது வரை கேட்டாகிவிட்டது. நாய் துரத்தியிருக்கிறது. நாயை விட வேகமாக ஒரு மாமியார் துரத்தியிருக்கிறார். ஒரு வீட்டில் என்னைச் சமையலுக்கு வந்தவள் என்று நினைத்து வெங்காயம் உரிக்க உட்காரவைத்துவிட்டார்கள். நானும் உரித்துக்கொண்டே முப்பத்திரண்டு கேள்வியையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். சர்வே வேலை என்றால் அப்படித்தான். பாதியில் விட்டால் எதுவும் செல்லாது.

இந்த வேலையில் சொந்தக் கருத்துக்கு இடமில்லை. கேள்வியை இருக்கிறபடி வாசிக்க வேண்டும், பதிலைச் சொன்னபடி எழுத வேண்டும், அவ்வளவுதான். “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், “உங்க பதில்தாங்க முக்கியம்” என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பு எனக்குக் கைவந்த கலை.

இந்த வருடம் எங்கள் நிறுவனத்துக்கு வந்த சர்வே கர்ப்பிணிகளைப் பற்றியது. புதிதாக ஒரு தடுப்பூசி வந்திருக்கிறது. பிறந்த சில மாதங்களில் குழந்தையின் நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணற வைக்கும் ஒரு நோய்க்கு எதிரானது. குழந்தை பிறப்பதற்குச் சில வாரம் முன்பே அம்மாவுக்குப் போட்டுவிட்டால், அவள் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி வயிற்றுக்குள்ளேயே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். இதைப் போட்டுக்கொள்ளப் பெண்கள் தயாரா, இல்லையென்றால் ஏன் என்று நானூறு வீட்டில் கேட்டு வர வேண்டும்.

அந்த வேலை வந்தபோது நானே ஏழு மாதம்.

கல்யாணமாகிப் பதினோராவது வருடத்தில். டாக்டர்கள் கையை விரித்து, நாங்களும் ஆசையை மடித்து உள்ளே வைத்துவிட்ட பிறகு வந்தது. சேதி தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கையில்தான் ஏறி இறங்குகிறது. எங்கள் வீடு மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடி. அதனால் நான் படியேறும்போதெல்லாம் பின்னாலேயே இரண்டு கையையும் ஏந்தியபடி வருவார், நான் எந்த நிமிடமும் உருண்டுவிடுவேன் என்பதைப் போல. தரைத்தளத்தில் என் நாத்தனாரின் தையல் கடை. அவள் ஏழாம் மாதத்துக்குள் பதினேழு குட்டிச் சட்டை தைத்து முடித்திருந்தாள். “எனக்குப் பொறக்கப்போறது ஒண்ணுதான்டி, கால்பந்து டீம் இல்ல” என்றேன். பதினெட்டாவதற்குத் துணி வெட்டிக்கொண்டே, “நீ சும்மா இரு அண்ணி” என்றாள்.

தடுப்பூசி விஷயத்தில் மட்டும் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆகவில்லை. அவர் முதல் நாளே முடிவு செய்துவிட்டார். “போட்டுடுவோம். இதுல யோசிக்க என்ன இருக்கு?” அவளும் முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். “பதினோரு வருஷம் காத்திருந்துட்டு இப்ப எதுக்கு இந்த விஷப்பரீட்சை? நேத்து வந்த ஊசி. நாலு பேரு போட்டுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.” “எல்லாரும் இதையே சொன்னா அந்த நாலு பேரு யாரு?” என்பார் அவர். தட்டுக்கு மேலே என் தலையைத் தாண்டி அவர்கள் சண்டை போடுவார்கள். நான் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

மருத்துவமனையில் கொடுத்த அட்டையில் கடைசி நாள் எழுதியிருந்தது. முப்பத்தாறாவது வாரம் முடிவதற்குள் போட்டுக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு போடுவதில்லை. அந்த அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தோம். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது, நான் பாட்டிலைப் பார்த்தேன்.

இந்த வயிற்றோடு மாடி மாடியாக ஏற வேண்டாம் என்று ஆபீஸில் என்னைப் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க உட்காரவைத்துவிட்டார்கள். பயிற்சி என்பது ஒருவகை நாடகம். நான் பதில் சொல்லும் பெண்ணாக நடிப்பேன், புதியவர் என்னிடம் கேள்வி கேட்டுப் பழக வேண்டும். காலையில் வாயாடி, மத்தியானம் அழுத்தக்காரி, சாயங்காலம் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவள். வேஷத்துக்கு வயிற்றில் தலையணை கட்ட வேண்டிய செலவும் இல்லாமல் போயிற்று.

அன்று எனக்கு எதிரே உட்கார்ந்தவர் முன்னாள் பஸ் கண்டக்டர். இருபது வருடம் கண்டக்டராக இருந்து, முழங்கால் ஒத்துழைக்காமல் விட்டுவிட்டு வந்தவர். கேள்வியை அவர் கேட்கவில்லை, கூவினார். “வயசு சொல்லுங்க, வயசு! அடுத்து, எத்தனையாவது மாசம்!” என்று அவர் கேட்ட கேட்பில் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து தன் வயதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, நான் எங்கேயும் இறங்கிப் போயிட மாட்டேன். மெதுவா கேளுங்க” என்றேன்.

“மன்னிச்சுக்கோங்க மேடம். பழக்கதோஷம்.”

விலாசம் கேட்டார். பொய் விலாசம் யோசிக்கச் சோம்பலாக இருந்தது, என் வீட்டு விலாசத்தையே சொன்னேன். “உங்க வீட்டுல யாராவது சர்வே வேலை பார்க்குறாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றால் பதில்களைத் தட்டும் கைக்கணினியான டேப் அங்கேயே நேர்காணலை மூடிவிடும், எங்கள் ஆட்களை நாங்களே கேட்கக்கூடாது. அதனால் இல்லை என்றேன். எல்லாம் ஒழுங்காகப் போனது. பத்தொன்பதாவது கேள்வி வந்தது.

“இந்தப் புதிய தடுப்பூசியை உங்களுக்குத் தர முன்வந்தால் போட்டுக்கொள்வீர்களா? நிச்சயமாகப் போட்டுக்கொள்வேன். அநேகமாகப் போட்டுக்கொள்வேன். தெரியாது. அநேகமாக மாட்டேன். நிச்சயமாக மாட்டேன்.”

அந்த மத்தியானம் நான் அழுத்தக்காரி. ‘மாட்டேன், போய்யா’ என்று எரிந்து விழ வேண்டும் என்பதுதான் என் திட்டம். வாயைத் திறந்தேன், வரவில்லை.

ஐந்து நொடி காத்திருங்கள், பதில் வராவிட்டால் கேள்வியை மறுபடி வாசியுங்கள், அப்போதும் வராவிட்டால் ‘பதில் இல்லை’ என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இதுதான் நான் பதிமூன்று வருடமாகச் செய்வதும் சொல்லிக்கொடுப்பதும். கண்டக்டர் அப்படிச் செய்யவில்லை. டேப்பை மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ்ஸில் யாராவது பையைத் துழாவினால் அவர்களைப் பார்க்கக்கூடாதாம், பார்த்தால் பதற்றத்தில் இன்னும் கிடைக்காதாம். பிறகு சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது. எதிரே ஒருவர் வெளியே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும்தான் தெரிந்தது.

“தெரியாது” என்றேன்.

“காரணம், மேடம்?”

நடிப்பதை நிறுத்திவிட்டேன் என்பது எனக்கே பாதியில்தான் உறைத்தது. “பதினோரு வருஷம் கழிச்சு வந்திருக்கு. ஊசி போடாம குழந்தைக்கு அந்த நோய் வந்துச்சுன்னா, ஊர்ல எல்லாருக்கும் வர்றது எங்களுக்கும் வந்துச்சுன்னு அழுதுட்டுப் போயிடலாம். போட்டு ஏதாவது ஆச்சுன்னா? நானே தேடிப்போய்க் கையை நீட்டினேன்னு ஆயிடும். அப்புறம் என் மூஞ்சிய நான் கண்ணாடியில எப்படிப் பார்ப்பேன்? வீட்டுல ரெண்டு பேரும் இதுக்காகச் சண்டை போடுறாங்க. என்கிட்ட யாருமே கேட்கல.”

கண்டக்டர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ‘மூஞ்சிய’ என்பதைக்கூட ‘முகத்தை’ என்று மாற்றவில்லை. நான்தானே சொல்லியிருந்தேன், சொன்னபடி எழுத வேண்டும் என்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டு முகம் கழுவ எழுந்து போனேன். திரும்பி வந்தபோது, “எல்லாம் முடிச்சு அனுப்பிட்டேன் மேடம்” என்று சிரித்தார். “பிரமாதம்ண்ணே” என்றேன்.

டேப்பின் மேல் மூலையில் ‘பயிற்சி’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். நாடகம் ஆடும்போது முதலில் அதைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஆடியது அத்தனையும் நிஜமாகிவிடும், நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும் அதைத் தொட்டாயிற்றா என்று பார்ப்பது என் பொறுப்பு. அன்று பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கதவைத் தட்டும் சத்தம். நாத்தனார் போய்த் திறந்தாள். நான் உள்ளே கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

“வணக்கங்க. கர்ப்பிணிகள் பத்தின சர்வேக்காக வந்திருக்கேன். இந்த வீட்டுல போன வாரத்துக்கு முன் வாரம் ஒருத்தரைப் பேட்டி எடுத்திருக்காங்க. அது சரியா நடந்துச்சான்னு ரெண்டு கேள்வி கேட்கணும்.”

எனக்கு அந்தக் குரலைப் பதிமூன்று வருடமாகத் தெரியும். முகம்தான் தெரியாது. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, பத்தில் ஒரு வீட்டை மறுபடி சோதிக்கும் பெண்மணி. எங்களுக்குள் அவர் பெயர் சிவப்புப் பேனா. படிவங்கள் காகிதமாக இருந்த காலத்தில் என் படிவம் திரும்பி வந்தால் ஓரத்தில் சிவப்பில் எழுதியிருக்கும்: காரணத்தை முழுதாக எழுதவும். டேப் வந்த பிறகும் அதே வரி சிவப்பு எழுத்தில் வந்தது. அதற்காகப் போனில் நாங்கள் போடாத சண்டை இல்லை. “அவங்க அவ்வளவுதான் சொன்னாங்க!” என்று நான் கத்துவேன். “நீங்க அவ்வளவுதான் காத்திருந்தீங்க” என்று அவர் வைத்துவிடுவார்.

இங்கே எந்த சர்வேயும் நடக்கவில்லையே என்று நாத்தனார் ஆரம்பிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். நடக்காத பேட்டியை நடந்ததாக அனுப்பினால் அன்றைக்கே வேலை போய்விடும். போகப்போவது கண்டக்டரின் வேலை, தப்பு என்னுடையது.

“நடந்துச்சு, நடந்துச்சு. நான்தான் சொன்னேன். உள்ள வாங்க” என்றேன், குரலைக் கொஞ்சம் கீச்சென்று மாற்றிக்கொண்டு.

நாத்தனார் எனக்கு ஜுரமா என்பதைப் போலப் பார்த்தாள்.

சிவப்புப் பேனா நான் நினைத்திருந்தபடி ஆறடி உயரமாக இல்லை. குள்ளமாக, கண்ணாடி போட்டு, தோளில் துணிப்பை மாட்டியிருந்தார். தனியாகப் பேச வேண்டும் என்றார், அதுதான் முறை. நாத்தனார் முணுமுணுத்தபடி கடைக்கு இறங்கிப் போனாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சமையலறையிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னார். எங்கள் சமையலறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைதான்.

“உங்க வீட்டுல யாராவது சர்வே வேலை பார்க்குறாங்களா?”

‘ஆமாம், நான்தான்’ என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். என்ன காரணம் சொல்ல? கண்டக்டருக்காக என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்தப் பத்தொன்பதாவது கேள்வியை என்னிடம் யாராவது இன்னொரு முறை கேட்க மாட்டார்களா என்று இருந்தது. “இல்லைங்க” என்றேன்.

கேட்டார். அதே கேள்வி, அதே ஐந்து பதில். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இருபது நொடியாவது துடைத்திருப்பார்.

“தெரியாது” என்றேன்.

“நீங்க அன்னைக்குச் சொன்ன காரணத்தை வாசிக்கிறேன். சொன்னபடி எழுதியிருக்காங்களான்னு மட்டும் சொல்லுங்க.” டேப்பைப் பார்த்து நிறுத்தி நிதானமாக வாசித்தார். பதினோரு வருடம், ஊசி, நோய், நீட்டிய கை, கண்ணாடி. நான் சொன்னதுதான். ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது, பாவம் யாரோ ஒருத்தி இதையெல்லாம் தனியாக வைத்துக்கொண்டு தவிக்கிறாளே என்று இருந்தது. “என்கிட்ட யாருமே கேட்கல” என்ற இடத்தில் சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். முழங்கை வரை சோப்பு நுரை.

“சார், நீங்க இங்க வரக்கூடாது” என்றார் சிவப்புப் பேனா.

“என் பொண்டாட்டிம்மா” என்றார் அவர். அது அனுமதி கேட்டதா விளக்கம் சொன்னதா தெரியவில்லை. என் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். “ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேட்கல. போட்டுடுவோம், போட்டுடுவோம்னு நீங்களே சொல்லிட்டு இருந்தீங்க.”

அவர் கையில் இருந்த நுரையைப் பார்த்தபடி சொன்னார். “லிஃப்டை ரிப்பேர் பண்ணி முடிச்சதும் ஜனங்க வெளியிலயே நிப்பாங்க. ஒருத்தரும் காலை வைக்க மாட்டாங்க. நான் ஏறி மேலயும் கீழயும் நாலு தடவை போய்க் காட்டினாத்தான் ஏறுவாங்க. இருபது வருஷமா அதைத்தான் பண்றேன். இதுல மட்டும் நான் மொதல்ல ஏறிக் காட்ட முடியலையே. நீதானே ஏறணும். அதான் சத்தமாவாவது பேசிட்டு இருந்தேன். உள்ளுக்குள்ள எனக்கும் உதறல்தான்.”

“உங்களுக்கா?”

“பின்ன? போட்டாலும் போடாட்டியும் நீ சொல்றதுதான். ஆனா போட்டு ஏதாவது ஆச்சுன்னா நீ கையை நீட்டினதா ஆகாது. நாம நீட்டினதா ஆகும். போடாம ஆனாலும் அப்படித்தான். இதை நீ ஒண்டியா தூக்கிட்டு அலையாதே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல அழுகை. ஏழு மாதமாக இடுப்பில் ஏறியிருந்த பாரத்தில் பாதி குழந்தையுடையது இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் கண்ணீரைத் துடைக்க வந்தார், கையில் இருந்த சோப்பு என் கண்ணில் போய், அதற்கு வேறு தனியாக அழுதேன். “ஐயோ, தண்ணி, தண்ணி” என்று அவர் ஓட, நான் அழுதுகொண்டே சிரிக்க, சிவப்புப் பேனா சுவர்க்கடிகாரத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முகம் கழுவி வந்ததும் சிவப்புப் பேனாவிடம் ஒப்புக்கொண்டேன். “நான் பொய் சொல்லிட்டேன். சர்வே வேலை பார்க்குறது நான்தான். கண்டக்டர் மேல தப்பில்ல, பயிற்சிக் கட்டத்தைப் பார்க்காம விட்டது நான்.”

“தெரியும்” என்றார். “கீச்சுக் குரல்ல பேசினா எனக்குத் தெரியாதா? பதிமூணு வருஷமா காது கிழியக் கேட்ட குரல். விலாசத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் கேட்டீங்க?”

“கேட்கக்கூடாதுன்னு எங்கயும் இல்ல. பதிவு பண்ணக்கூடாது. பண்ணல.” டேப்பைத் திருப்பிக் காட்டினார். என் படிவத்தின் மேல் ‘ரத்து’ என்று இருந்தது. “இருநூத்தி எழுபது படிவம் வந்திருக்கு. தெரியாதுன்னு சொன்னவங்க எல்லாருக்கும் காரணம் ஒரே வார்த்தைல இருக்கு. பயம். அதுல பாதி நீங்க பயிற்சி கொடுத்து அனுப்பினவங்க எழுதினது. முழுசா எழுதி வந்தது இது ஒண்ணுதான். யாரு சொன்னதுன்னு பார்க்கணும்னு தோணிச்சு, வந்தேன்.”

பதிமூன்று வருடச் சண்டையில் அவர் ஜெயித்துவிட்டார், அதுவும் என் வீட்டுக்கே வந்து, என் பதிலை வைத்தே. எரிச்சலாகத்தான் இருந்தது. எரிச்சலோடு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

“நீங்க சொல்லுங்க, போட்டுக்கலாமா?” என்று கேட்டேன்.

அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். அதே சிரிப்பு. “உங்க பதில்தாங்க முக்கியம்.” துணிப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று சொன்னார்: “கேள்வி கேட்கத் தெரிஞ்சவங்கதானே நீங்க. தெரிஞ்சவங்ககிட்ட போய்க் கேளுங்களேன்.”

மறுநாள் கேட்கப் போனேன். முப்பத்துநாலாவது வாரம். மகப்பேறு மருத்துவமனையில் ஊசி போடும் அறையின் நர்ஸுக்கு முன்னால் இருபத்துமூன்று கேள்வியோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் வீட்டுக்காரர். அவருக்குப் பக்கத்தில், கூப்பிடாமலேயே வந்த நாத்தனார்.

“போட்டுக்கிட்டா என்ன ஆகும்?”

“போட்ட இடம் வலிக்கும். ஒரு நாள் அசதியா இருக்கும். சிலருக்கு லேசா காய்ச்சல் அடிக்கும்.”

“அவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். கற்றுக்கொண்டதை வைத்துப் பார்க்க வேண்டாமா?

நர்ஸ் கொஞ்சம் யோசித்தார். “அரிதா ஒவ்வாமை வரலாம். அதனாலதான் போட்டதும் இங்கயே கொஞ்ச நேரம் உட்காரச் சொல்றோம். குறைமாசத்துல பிறந்துடுமோன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. அதனாலதான் முன்னாடியே போடாம, கடைசி வாரங்கள்ல போடுறோம்.”

“கர்ப்பிணிகளுக்குப் போட்டுப் பார்த்தாங்களா, இல்ல சும்மா மத்தவங்களுக்குப் போட்டுட்டு எங்களுக்கும் சரின்னுட்டாங்களா?” இது நாத்தனார்.

“கர்ப்பிணிகளுக்குத்தான். ஆயிரக்கணக்கானவங்க. பிறந்த குழந்தைங்களையும் கூடவே கவனிச்சாங்க.”

“நூத்துக்கு நூறு தடுக்குமா?”

“இல்ல. நோய் முத்தாம காப்பாத்தும். அதுவும் எல்லாக் குழந்தைக்கும்னு சொல்ல மாட்டேன், நிறையக் குழந்தைங்களுக்கு.”

“பதினஞ்சு வருஷம் கழிச்சு என்ன ஆகும்?”

“தெரியாது” என்றார் நர்ஸ். “வந்தே இன்னும் அத்தனை வருஷம் ஆகல. இதுவரைக்கும் பார்த்ததுல தப்பா எதுவும் இல்ல. அதுக்கு மேல சொன்னா பொய்.”

என் மனசு அந்த இடத்தில்தான் இறங்கியது. எல்லாக் கேள்விக்கும் ‘நிச்சயமாக’ என்று சொல்கிறவர்களை நான் தொழிலில் நம்பியதே இல்லை. அவர்கள் கேள்வியைக் காதில் வாங்கவே இல்லை என்று அர்த்தம். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்ன ஒருத்தியை வெகுநாள் கழித்துப் பார்க்கிறேன்.

“அந்த நோய் எப்படி இருக்கும்?” என்றேன்.

நர்ஸ் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “மூணு வருஷம் குழந்தைகள் வார்டுல இருந்தேன். ஆறு வாரக் குழந்தை. பால் குடிக்க மூச்சு இருக்காது. நெஞ்சு உள்ள உள்ள இழுக்கும். அம்மா பக்கத்துலயே நிப்பாங்க, ஒண்ணும் பண்ண முடியாது. நிறையப் பேரு பிழைச்சுடுவாங்க. இருந்தாலும் அதைப் பார்த்தவளுக்கு...” முடிக்கவில்லை. “நான் போட்டுக்கிட்டேன். பொண்ணுக்கு இப்ப எட்டு மாசம். வீட்டுல ஒரு செருப்பு மிச்சமில்ல, எல்லாத்தையும் கடிச்சு வச்சிருக்கா.”

இருபத்துமூன்றில் பதினான்குதான் கேட்டேன். மிச்சம் ஒன்பதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அந்த மனிதர் அப்படிச் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத்தான் தெரியும்.

“போட்டுக்கிறேன்” என்றேன். “நாளைக்கு வர்றேன். ஒரு ராத்திரி தூங்கிட்டு வர்றேன்.”

நாத்தனார் வீட்டுக்கு வந்ததும் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபம் போல என்று விட்டுவிட்டேன். காலையில் கிளம்பும்போது ஒரு சட்டையோடு மாடிக்கு வந்தாள். எனக்குத்தான். வயிற்றுக்குத் தாராளமாக இடம்விட்டு, இடது தோளிலிருந்து முழங்கை வரை வரிசையாக அமுக்குப் பட்டன் வைத்துத் தைத்திருந்தாள். இழுத்தால் தோள் மட்டும் திறந்துகொள்ளும்.

“அங்க போய்க் கையை மடிச்சு மடிச்சு மல்லுக்கட்டக்கூடாதுல்ல” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். “எனக்கு இன்னும் பயம்தான் அண்ணி. ஆனா உன்கூட வருவேன்.”

அந்தப் பட்டன்களைத் திறந்தபோது எழுந்த சடசடச் சத்தத்தில் ஊசி அறையே திரும்பிப் பார்த்தது. “எனக்கும் ஒண்ணு போட்டுவிடுங்க” என்றார் என் வீட்டுக்காரர். “உங்களுக்கு எத்தனையாவது மாசம்?” என்று கேட்டபடியே நர்ஸ் எனக்குப் போட்டு முடித்துவிட்டார். சிரித்துக்கொண்டிருந்ததில் குத்தியதே தெரியவில்லை. தெரிந்திருந்தால்தான் என்ன? நான் போட்டுக்கொண்டேன். முடிவு பண்ணிப் போட்டுக்கொண்டேன். தலையில் இருந்து ஒரு பெட்டியை இறக்கிவைத்ததைப் போல இருந்தது. எனக்குப் பாட்டுப் பாடத் தெரியாது, இல்லாவிட்டால் அங்கேயே பாடியிருப்பேன்.

கண்டக்டரின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்தே போனில் அழைத்து ஊசி போட்டுக்கொண்டதைச் சொன்னபோது, “அப்ப எறங்கிட்டீங்களா மேடம்?” என்று கேட்டார். வீட்டுக்காரரின் லிஃப்டை நினைத்துக்கொண்டு, “ஏறிட்டேண்ணே” என்றேன்.

வெளி அறையில் சிறிது நேரம் உட்காரச் சொல்லியிருந்தார்கள். அண்ணனும் தங்கையும் தேநீர் வாங்கப் போனார்கள், போகிற வழியிலேயே எதற்கோ சண்டை போட்டுக்கொண்டு. என் இடது பக்கம் சில நாற்காலி தள்ளி ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும், தனியாக வந்திருந்தாள். தடுப்பூசி பற்றிய துண்டுத்தாளை அத்தனை முறை மடித்து விரித்திருந்தாள், எழுத்தே அழிந்திருந்தது. என் தோளைப் பார்த்தாள், பட்டனைப் பார்த்தாள், பஞ்சைப் பார்த்தாள். மெதுவாக நகர்ந்து நகர்ந்து வந்து எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள்.

“அக்கா, நீங்க போட்டுக்கிட்டீங்களா?”

“இப்பதான்.”

“பயமா இல்லையா?”

“இருந்துச்சு. ரொம்ப. பதினோரு வருஷம் கழிச்சு வந்த குழந்தை.”

“இப்பப் போயிடுச்சா?”

அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. “முழுசா போகல. கொஞ்சம் இருக்கு. அது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும். உனக்கு என்ன பயம், சொல்லு.”

கேட்டுவிட்டு நான் எதிர்ச் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சுகளை எண்ண ஆரம்பித்தேன். ஆறு சுவிட்ச். நாலாவதில் பேச ஆரம்பித்தாள். அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். கேட்டேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை நர்ஸிடம் கேட்கச் சொன்னேன். நான் ஏன் போட்டுக்கொண்டேன் என்பதையும் சொன்னேன், முதலிலிருந்து கடைசி வரை, சோப்பு நுரை உட்பட. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டார். அவள் எழுந்தாள், இரண்டடி வைத்தாள், திரும்பினாள்.

“அக்கா, உள்ள கூட வர்றீங்களா? நான் முடிவு பண்ணிட்டேன். ஊசியைப் பார்த்தா மட்டும் எனக்கு ஆகாது.”

போனேன். பக்கத்தில் நின்றேன். நர்ஸ் பஞ்சை எடுத்ததும் அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பிடித்துக்கொள்ள எதையாவது தேடி, கையில் அகப்பட்டதை ஒரே பிடியாகப் பிடித்தாள். என் இடது தோள். சரியாக ஊசி போட்ட இடம். எனக்கு உயிரே போய்விட்டு வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

“அக்கா, ரொம்ப அழுத்திப் பிடிக்கிறேனா?” என்றாள், கண்ணைத் திறக்காமலேயே.

“இல்லம்மா” என்றேன். “நல்லா பிடிச்சுக்கோ.”